நின்றுபோன காற்றாலையும் எங்கள் அங்கன்வாடியும்

ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அருகிலுள்ள ஓர் ஊரில் 18 ஆண்டுகளாக அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். மையத்தின் திண்ணையில் நின்றால் முப்பந்தல் பக்கத்துக் காற்றாலைகள் வரிசையாகத் தெரியும். தென்மேற்குப் பருவக்காற்று மலைகளுக்கு இடையே நெருக்குண்டு வேகம் கூடி வருவதால், ஆனி, ஆடி மாதங்களில் அவை ஓயாமல் சுற்றும். எங்கள் குழந்தைகளுக்கு அவையெல்லாம் ‘பெரிய காத்தாடி’.

தொழில்களைப் பற்றிய பாடத்தை நான் நெடுங்காலம் மாறுவேடத்தின் வழியாகவே நடத்தி வந்தேன். ‘நான் பொறியாளர், பாலம் கட்டுவேன்’ என்று நான்கு வயதுக் குழந்தை அட்டைத் தொப்பியோடு நின்று ஒப்பிக்கும். பெற்றோர் கை தட்டுவார்கள். அந்தக் குழந்தை அதுவரை மணலில்கூட ஒரு பாலம் கட்டிப் பார்த்ததில்லை என்பது எனக்கு உறைக்கச் சில ஆண்டுகள் ஆயின.

காற்று சற்றுத் தணிந்திருந்த ஓர் ஆவணி மாதக் காலையில், சுற்றியிருந்தவை எல்லாம் சுழல, ஒன்று மட்டும் அசையாமல் நின்றது. மூன்றரை வயதுச் சிறுமி ஒருத்தி, “டீச்சர், அது மட்டும் ஏன் சுத்த மாட்டேங்கு?” என்று கேட்டாள். பழுது பார்க்கிறார்களாக இருக்கும் என்றேன். “அப்போ மேல ஆள் இருக்கா?” என்று அவள் திரும்பக் கேட்டபோது, மற்ற குழந்தைகளும் சத்துமாவு உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டே வந்து அண்ணாந்து பார்த்தார்கள். அத்தனை நாளும் தானாகச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு பொருளுக்குள் ஒரு மனிதர் இருக்கிறார் என்ற செய்தி அவர்களை அன்று முழுவதும் விடவில்லை.

எங்கள் பிள்ளை ஒருவனின் அப்பாவே காற்றாலைப் பராமரிப்பு வேலையில் இருக்கிறார். “ஒரு நாள் வந்துட்டுப் போங்க தம்பி” என்று அழைத்தேன். தலைக்கவசமும் பாதுகாப்பு பெல்ட்டுமாக வந்தவர், கோபுரத்தின் உள்ளே ஏணி இருப்பதையும், பெல்ட்டைக் கம்பியில் மாட்டிய பிறகே ஏறுவதையும், மேலே போய்ப் போல்ட்டுகளை முடுக்கி, கியர் பாக்ஸில் எண்ணெய் பார்ப்பதையும் நடித்துக் காட்டினார்.

மறுநாளிலிருந்து விளையாட்டு மூலையின் முகமே மாறியது. பழைய பிளாஸ்டிக் டப்பாக்களையும் மூடிகளையும் கொட்டி வைத்தேன். எந்தப் பக்கம் திருகினால் இறுகும், எந்தப் பக்கம் திருகினால் கழலும் என்பதைக் கை வலிக்கும்வரை செய்து செய்து அவர்களே கண்டுகொண்டார்கள். பனையோலையில் காற்றாடி செய்து உடைமுள் குத்திக் கொடுத்தேன். அவற்றில் ஒன்றில் முள் இறுக்கமாக இருக்கும்படியும், இன்னொன்றில் ஓலையின் ஒரு பக்கம் நீண்டிருக்கும்படியும் வேண்டுமென்றே செய்திருந்தேன். ஏன் சுற்றவில்லை என்று நான் சொல்லவில்லை. விடையைச் சொல்லாமல் பொறுத்திருப்பதுதான் இந்த வேலையிலேயே எனக்குக் கடினமானது. ஒருவன் ஊதினான்; ஒருத்தி முள்ளைத் தளர்த்தினாள்; காற்று இல்லாத இடத்திலும் ஓடினால் சுற்றுகிறது என்று இன்னொருவன் முற்றம் முழுக்க ஓடினான். காற்றை நோக்கித் திருப்பிப் பிடித்தால்தான் வேகம் வருகிறது என்பதை ஒரு குழந்தை கண்டபோது, பெரிய காற்றாலையின் தலையும் அப்படித்தான் காற்று வரும் திசைக்குத் திரும்புகிறது என்று காட்டினேன். பொறியாளர் என்ற சொல்லை அப்போதுதான் சொன்னேன். அவர்கள் செய்துகொண்டிருந்த வேலைக்கு அது பெயராக அமைந்தது.

அந்த வாரத்தில்தான், “பொம்பளப் பிள்ள மேல ஏறக் கூடாது” என்று ஒரு பையன் அந்தச் சிறுமியைத் தடுத்தான். வீட்டில் கேட்ட பேச்சைத்தான் அவன் சொன்னான். 1983-இல் வெளிவந்த டேவிட் வேட் சேம்பர்ஸின் ஆய்வு எனக்கு நினைவுக்கு வந்தது: அறிவியலாளரை வரையச் சொன்னபோது, 4,807 குழந்தைகளில் 28 பேர் மட்டுமே பெண்ணை வரைந்தார்கள், அந்த 28 பேரும் சிறுமிகள். வெள்ளை அங்கி, கண்ணாடி, தாடி என்ற வழக்கமான உருவம் மழலையர் வகுப்பில் மிகக் குறைவாகவும், மேல் வகுப்புகளில் கூடுதலாகவும் இருந்ததையும் அவர் கண்டார். அந்தப் படம் மனத்தில் பதிவதற்கு முந்தைய வயதுக் குழந்தைகள்தான் தினமும் காலையில் என்னிடம் வருகிறார்கள்.

ஆகவே மறுநாள் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் படித்த லலிதாவின் கதையைச் சொன்னேன். 18 வயதில் கணவரை இழந்து, கைக்குழந்தையோடு நின்றவர், 1940-களில் மின் பொறியியல் படித்து முடித்து, பக்ரா நங்கல் அணைக்கான மின் வேலைகளிலும் பங்கேற்றார். குழந்தைகளுக்கு நான் சொன்னது, அணையிலிருந்து விளக்குக்கு மின்சாரம் கொண்டுவர உதவிய ஓர் அம்மாவின் கதை. எங்கள் சமையலுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரைப் பழுது பார்ப்பவரும், மின்கம்பத்தில் ஏறுபவரும் அதே கதைக்குள் வந்து சேர்ந்தார்கள். விண்கலம் செய்பவரை மட்டும் காட்டிவிட்டு இவர்களை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

சில நாள் கழித்து அந்தச் சிறுமி, அட்டைக் குழாய்களை அடுக்கிக் கட்டிய காற்றாலையின் அடியில் உட்கார்ந்து, “ஆள் மேல இருக்கையில இது சுத்திட்டா என்ன செய்ய? நிறுத்துற சுவிட்ச் எங்க?” என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. மாலையில் பிள்ளையை அழைக்க வந்த தம்பியிடம் விசாரித்தேன். அவசரத்துக்கு நிறுத்தும் சிவப்புப் பொத்தான் கோபுரத்தின் அடியிலேயே இருக்கிறது என்றார். மறுநாள் ஒரு சோடா மூடிக்குச் சிவப்பு வண்ணம் பூசி எங்கள் அட்டைக் கோபுரத்தில் ஒட்டினோம். அதை அழுத்தாமல் யாரையும் மேலே ஏறவிட மாட்டேன் என்று அவள் காவலுக்கு நின்றாள்.