மடத்தில் சேர்ந்து வாழப் பழகிய காலம்

ஊருக்குப் போகும்போது, மடத்தில் சேர விரும்பும் பிள்ளைகளின் அம்மாக்கள் என்னிடம் முதலில் கேட்பது செபத்தைப் பற்றித்தான். "விடியுமுன்னே எழுப்பிருவாங்களா சிஸ்டர்?" என்பார்கள். எழுவது எனக்குப் பெரிய பாடாக இல்லை. எங்கள் வீட்டில் அம்மை இருட்டோடு பீடித்தட்டை எடுத்து உட்கார்ந்துவிடுவாள். நானும் கூட இருந்து சுற்றியவள்தான். நான் தேர்ந்தெடுக்காத பெண்களோடு ஒரே குடும்பமாக வாழ்வதுதான் புதிதாகப் பழக வேண்டியிருந்தது.

சேருவதற்கான வேலை அதிகமில்லை. பங்குச்சாமியாரின் கடிதம், திருமுழுக்கு, உறுதிபூசுதல் சான்றிதழ்கள், அப்புறம் சில காலம் கூடத் தங்கிப் பார்ப்பது. திருச்சபைச் சட்டப்படி 17 வயது நிறையாமல் நவதுறவகத்தில், அதாவது புதிதாகச் சேருபவர்களுக்கான பயிற்சி இல்லத்தில், சேர முடியாது. அங்கே குறைந்தது 12 மாதப் பயிற்சி உண்டு. அதன் பிறகுதான் கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதலோடு வாழ்வேன் என்று கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கு, அதாவது முதல் வார்த்தைப்பாடு.

நவதுறவகத்தில் என்னை வளர்த்தது விவிலியத்தின் திருப்பாடல்கள். காலையும் மாலையும் இரண்டு வரிசையாக நின்று சொல்வோம். ஒரு வரிசை ஒரு பத்தியைச் சொல்ல, எதிர் வரிசை அடுத்ததைச் சொல்லும். அடியின் நடுவில் ஒரு மூச்சு நிறுத்த வேண்டும். தனிக்குரல் மேலே வரக்கூடாது. எங்கள் இல்லத்தில் மூச்சு வாங்கும் வயதான சிஸ்டர் ஒருவர் இருந்தார். அவர் வந்து சேரும் வரை இளையவர்கள் எல்லாரும் காத்திருப்போம். பிறருக்காகக் காத்திருப்பதும் செபம்தான் என்று எனக்குத் தெரிந்தது அங்கேதான்.

வெள்ளிக்கிழமை காலையில் எப்போதும் 51ஆம் திருப்பாடல் வரும். "கடவுளே, உமது பேரன்புக்கேற்ப எனக்கு இரங்கும்" என்று தொடங்கும். ஒரு வியாழன் இரவு எனக்கும் திண்டுக்கல் பக்கத்துப் பிள்ளை ஒருத்திக்கும் சமையலறையில் பேச்சு முற்றிவிட்டது. நான் வைத்த சொதி அவளுக்குச் சப்பென்றிருந்தது, அவள் வைக்கும் குழம்பு எனக்குக் காரம். மறுநாள் காலை எதிர் வரிசையில் அவள். அந்தப் பாடலைச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போக முடியுமா? வெளியே வந்ததும் அவளே, "இன்னைக்கு மிளகாய் எத்தனை போடட்டும், நீ சொல்லு" என்றாள். மன்னிப்பைப் பற்றி அதற்குமுன் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். எனக்குள் இறங்கியது இந்த ஒரு கேள்விதான்.

ஏழ்மைதான் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது. வாராவாரம் பீடிக் கூலி கையில் வாங்கிப் பழகியவள், ஒரு ஜோடி செருப்புக்கு இல்லத் தலைவியிடம் போய்க் கேட்க வேண்டும். மடத்தில் டீச்சராக இருக்கும் சிஸ்டரின் சம்பளமும் பொதுப் பணத்தில்தான் சேரும். தலைவியும் தன் பேருந்துக் கட்டணத்தைக் கணக்கு நோட்டில் எழுதியதைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கூச்சம் போனது.

வாழ்நாள் முழுவதுக்குமாகக் கொடுக்கும் நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன்னால், நம் பேரில் உள்ள சொத்துக்கு நாட்டின் சட்டப்படி செல்லும் உயில் எழுதிவிட வேண்டும். வீட்டில் முன்கூட்டியே பேசி வையுங்கள். என் நித்திய வார்த்தைப்பாட்டு நாளில் நான் பீடத்தின் முன் குப்புற விழுந்து கிடக்க, புனிதர்களின் மன்றாட்டு மாலை பாடினார்கள். 1745இல் நம் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயத்தின் பெயர் வந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

பெற்றவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். முதல் வார்த்தைப்பாட்டுக்கும் நித்திய வார்த்தைப்பாட்டுக்கும் நடுவே 3 முதல் 6 ஆண்டு வரை, தேவைப்பட்டால் 9 ஆண்டு வரை திருச்சபை இடைவெளி விட்டிருக்கிறது. இந்த வாழ்வு தனக்கு ஒத்துவருமா என்று பிள்ளை தெரிந்துகொள்ளத்தான் அந்தக் காலம். வார்த்தைப்பாட்டின் கெடு முடிந்ததும் அவள் விலகலாம், அதில் பாவமில்லை. ஊர் என்ன சொல்லும் என்று அவளைத் திரும்பவும் மடத்துக்குத் தள்ளாதீர்கள். என்னோடு முதல் வார்த்தைப்பாடு கொடுத்த ஒருத்தி அப்படி வெளியே போனாள். இப்போது நர்ஸாக இருக்கிறாள். பாளையங்கோட்டைக்கு வந்தால் அவளுக்கு எங்கள் மடத்தில்தான் சாப்பாடு.