திருச்சி – யாழ்ப்பாணம்: 184 கிலோமீட்டருக்கு எவ்வளவு நேரம்?

திருச்சி விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு வரைபடத்தில் நேர்கோடு போட்டால் சுமார் 184 கிலோமீட்டர்தான். சென்னை இதைவிட தூரம். ஆனால் நேரடி விமானம் இல்லாத காலத்தில் மனைவியின் ஊருக்குப் போக, 400 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே பறந்து கொழும்புப் பக்கத்துக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி, அதே அளவு தூரம் ராத்திரி பஸ்ஸில் வடக்கே வருவோம். 2025 மார்ச் கடைசியில் இண்டிகோ நேரடிச் சேவையைத் தொடங்கியதும் முதலில் கணக்குப் போட உட்கார்ந்தவன் நான். காரணம், கோண்டாவிலில் இருக்கும் பெரியம்மா போனில் கேட்ட ஒரே கேள்வி: "எத்தினை மணிக்கு வாகனம் அனுப்ப?"

தூரம் காட்டும் இணையக் கணிப்பான்களை நம்பி இதற்குப் பதில் சொல்ல முடியாது. பெரும்பாலானவை ஜெட் வேகத்தை வைத்துக் கணக்குப் போடுகின்றன. இந்த வழியில் ஓடுவது ஏடிஆர், இறக்கையில் காற்றாடி சுற்றும் விமானம். அதிகபட்சம் மணிக்கு 500 கிலோமீட்டர் சொச்சம். வகுத்துப் பார்த்தால் 22 நிமிடம் வரும். டிக்கெட்டிலோ ஒரு மணி நேரம் என்று இருக்கிறது.

இரண்டும் பொய்யில்லை. டிக்கெட் நேரம் விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வதிலிருந்து, அங்கே போய் நிற்பது வரைக்கும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்குவதற்காகச் சுற்றி வருவது எல்லாம் அதில் சேர்த்தி. இவ்வளவு குட்டைப் பயணத்தில் முழு வேகத்தில் பறப்பதே கொஞ்ச நேரம்தான். தாமதத்துக்கென்று கொஞ்சம் சேர்த்தும் வைத்திருப்பார்கள்.

ஏடிஆரில் பின்வாசல் வழியாகத்தான் ஏற வேண்டும். முடிந்தால் வலப்பக்க ஜன்னல் வாங்குங்கள். அதிராம்பட்டினம் பக்கம் கரை முடிந்து கடல் ஆரம்பிக்கிறது. பாதி வழிக்குக் கடல்தான். பணிப்பெண் தண்ணீர் கொடுத்து முடிப்பதற்குள் காரைநகரும் தீவுகளும் தெரிய ஆரம்பித்துவிட்டன. கைக்கடிகாரத்தை மாற்ற வேண்டியதில்லை, இரண்டு ஊருக்கும் ஒரே நேரம்.

நேரம் போவதெல்லாம் தரையில். கடல் தாண்டினால் வெளிநாடு, அதனால் 3 மணி நேரம் முன்பே திருச்சி முனையத்துக்குப் போய்விட்டோம். குடியேற்றம், பாதுகாப்புச் சோதனை, அப்புறம் காத்திருப்பு. இலங்கைக்கான இடிஏவை, அதாவது பயண அனுமதியை, வீட்டிலேயே இணையத்தில் எடுத்து, அச்சும் போட்டு வைத்திருந்தேன். பலாலியில் முனையம் சின்னது. ஒரு விமானக் கூட்டமே வரிசையை நிறைத்துவிடும். முன்னால் உட்கார்ந்தவர்களுக்குப் பின்வாசலால் இங்கே கொஞ்சம் நஷ்டம். முத்திரை, பெட்டி, சுங்கம் எல்லாம் முடிய முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பெரியம்மாவிடம் இறங்கும் நேரத்தோடு ஒரு மணி நேரம் கூட்டிச் சொல்லியிருந்தேன், சரியாக இருந்தது. அங்கிருந்து கோண்டாவிலுக்கு அரை மணி நேரம் காரில். ஆக, திருச்சி முனையத்திலிருந்து பெரியம்மா வீடு வரை ஐந்தரை, ஆறு மணி நேரம். பழைய வழியில் ஒரு ராத்திரியே போய்விடும்.

திரும்பும்போது இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். நாங்கள் போன நாட்களில், திருச்சியிலிருந்து வந்த அதே விமானம்தான் கொஞ்ச நேரத்தில் திரும்பிப் போனது. அது வரத் தாமதமானால் நம் பயணமும் தாமதம். இதை நினைத்துத்தான் சென்னைக்கு மாலை ரயில் எதுவும் போடாமல், ராத்திரி கிளம்பும் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்தேன். விமானம் நேரத்துக்கே வந்துவிட்டது. திருச்சி சத்திரம் பேருந்து நிலையப் பக்கம் சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டு ஜங்ஷனுக்குப் போனோம்.