சக்கரம் மேலேயா, கீழேயா

ஜூன் 3, ஏற்காடு
காலை ஆறரை. ஏரியில் ஒரு சுருக்கம் இல்லை, கண்ணாடி. மிதவை விமானத்துக்கு இதைவிட மோசமான தண்ணீர் கிடையாது. பரப்பு எங்கே இருக்கிறதென்று கண்ணுக்குப் பிடிபடாது. இருபது அடி மேலே இருக்கும்போதே தொட்டாச்சு என்று மூக்கைத் தூக்குவார்கள். வேகம் செத்துப் பொத்தென்று விழும். கரையை ஒட்டி வந்து, மரங்களைப் பார்த்து உயரத்தைக் கணித்து, மூக்கைச் சற்றே தூக்கி, இன்ஜினை அணைக்காமல் நிமிடத்துக்கு 150 அடி வீதம் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீரைத் தேடக் கூடாது, அது வந்து தொடும். அதற்கு நீளம் வேண்டும். இந்த ஏரியில் ஏது நீளம்.

ஜூன் 4
போன் வரவில்லை.

ஜூன் 6
சக்கரம்தான் உறுத்துகிறது. மிதவையோடு மடக்கும் சக்கரமும் உள்ள விமானம் இது. காமலாபுரத்தில், சேலம் விமான நிலைய ஓடுதளத்தில் ஏறி மேட்டூர் அணையில் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். கிளம்பியதும் சக்கரத்தை மடக்க மறந்தால் போச்சு. தண்ணீரைத் தொட்ட நொடி சக்கரம் பிடித்து இழுக்கும், விமானம் தலைகுப்புறக் கவிழும். சக்கரம் மடங்கியபடி ஓடுதளத்தில் இறங்கினால் மிதவையின் அடி தேயும், பெரும்பாலும் அவ்வளவுதான். தண்ணீரில் செய்யும் தப்புதான் ஆளைக் கொல்கிறது. "இது தண்ணீர், சக்கரம் மேலே" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மனசுக்குள் சொன்னால் கணக்கில் இல்லை.

ஜூன் 8
மதியம் 26 டிகிரி. ஏரி மட்டம் சுமார் 4,500 அடி. அந்த உயரத்துக்கு இருக்க வேண்டியது 6 டிகிரி. மிச்சம் 20. சூட்டில் காற்று மெலியும், அது கூடுதல் உயரத்துக்குச் சமம்: டிகிரிக்கு 120 அடி வீதம் 2,400. ஆக, இறக்கைக்கும் இன்ஜினுக்கும் இது 6,900 அடி. ஊட்டிக்குக் கொஞ்சம்தான் குறைவு.

ஜூன் 11
ராத்திரி முழுக்க மழை. மிதவையின் ஒவ்வோர் அறையிலும் பம்ப் வைக்கும் துளையை ஒரு சின்ன ரப்பர் பந்து அடைத்திருக்கும். பந்து விழுந்துபோனால் மழைத் தண்ணீர் நேரே உள்ளே. கிளம்பும் முன் அறை அறையாக இறைத்து, பம்பை எத்தனை தடவை அடித்தோம் என்று எண்ணி வைக்க வேண்டும். நேற்று ஐந்து, இன்று முப்பது என்றால் மழையா, மிதவைத் தகட்டின் தையல் பிளந்ததா என்று பார்க்காமல் ஏறக் கூடாது. பின் அறையில் 20 லிட்டர் தங்கினால் வாலில் 20 கிலோ.

ஜூன் 12
மேட்டூர் திறக்கும் நாள். மட்டம் இறங்க இறங்க, அணைக்குள் மூழ்கிக் கிடக்கும் பண்ணவாடிக் கோயில் நந்தி மேலே வரும். வெளியே தெரியும் நந்தியால் ஆபத்தில்லை. ஒரு சாண் தண்ணீருக்கு அடியில் இருக்கிற நந்தி, வலை, பட்டமரம்... வட்டமடித்துப் பார்க்காமல் இறங்குவதா?

ஜூன் 14
கவிழ்ந்தால்: ஆட்டம் நிற்கட்டும். ஒரு கை கதவுப் பிடியில். கதவைத் திறந்த பிறகுதான் பெல்ட்டை அவிழ்க்க வேண்டும். முதலிலேயே அவிழ்த்தால் மிதந்து, எந்தப் பக்கம் கதவு என்றே தெரியாது. உயிர்காப்புச் சட்டையை உள்ளே ஊதினால் அது விமானத்தின் தரையோடு சேர்த்து அழுத்திவிடும், தரைதான் இப்போது மேலே.

ஜூன் 15
போன் வந்தது. நாளை ஏழு மணி. காற்று இல்லையாம்.
சக்கரம் மேலே.