நெட்டியில் ஒரு ஸ்வார்ட்ஃபிஷ்

ஸ்வார்ட்ஃபிஷ் என்ற இரட்டை இறக்கை விமானத்தின் மாதிரி செய்கிறேன்; மேல் இறக்கை ஒருவழியாக நின்றுவிட்டது. 48இல் ஒரு பங்கு அளவு. நுனிக்கு நுனி 29 செ.மீ. உடலுக்கு நெட்டி, இறக்கைக்கு மூங்கில் பத்தை, அதன்மேல் பட்டத் தாள். தஞ்சாவூரில் நெட்டியைச் சீவிப் பெரிய கோயில் செய்வார்கள். நான் திருவையாற்றில் உட்கார்ந்து பிரிட்டிஷ் கடற்படை விமானம் செய்கிறேன். நெட்டி கொடுத்த பெரியவர், "கோபுரம் என்றால் சொல்லித் தருவேன் தம்பி, இதற்கு நீங்களே வழி பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒதுங்கிக்கொண்டார்.

எல்லாம் ஸ்வார்ட்ஃபிஷ் ஓட்டிய பிரிட்டிஷ் கடற்படை விமானி யூஜின் எஸ்மண்டுக்காக. 1909இல் ஐரிஷ் குடும்பத்தில் பிறந்தவர். பாதிரியாராகப் படிப்பைத் தொடங்கி, அதை விட்டுவிட்டு 1928இல் விமானப்படைக்குப் போனார். பிறகு இம்பீரியல் ஏர்வேஸ் விமானி. 1935இல் பர்மாவின் ஐராவதி ஆற்றில் விமானம் விழுந்தும் பிழைத்தார். இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939 செப்டம்பரில் 'கரேஜியஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியபோதும் தப்பினார். 1941 மே 24 இரவு, 'விக்டோரியஸ்' கப்பலிலிருந்து ஒன்பது ஸ்வார்ட்ஃபிஷ்களை ஜெர்மன் போர்க்கப்பல் பிஸ்மார்க்கின் மீது நடத்திச் சென்றார். நீருக்கடியில் பாய்ந்து கப்பலைத் தாக்கும் குண்டான டார்பிடோ ஒன்று பட்டது. அதற்காக டி.எஸ்.ஓ. என்ற போர்ச்சேவைப் பதக்கம்.

டார்பிடோவை மூங்கிலில் இழைத்தேன், 9 மி.மீ. பருமன். அதை வயிற்றில் கட்டியதும் மாதிரி முன்பக்கம் சாய்ந்தது. அசல் டார்பிடோ ஏறக்குறைய 730 கிலோ. சுமையே இல்லாவிட்டாலும் இந்த விமானம் மணிக்கு 220 கி.மீ.க்கு மேல் அதிகம் போகாது. கடலை ஒட்டித் தாழ்ந்து, வளையாமல் நேராகப் போனால்தான் டார்பிடோவை விட முடியும். எஃகுக் குழாய்ச் சட்டமும் அதன்மேல் துணியும்தான் உடம்பு. உள்ளே போகும் மூவருக்கும் தலைக்குமேல் கூரை கிடையாது.

1942 பிப்ரவரி 12. ஷார்ன்ஹார்ஸ்ட், நைசெனாவ், பிரின்ஸ் ஆய்கென் என்ற மூன்று ஜெர்மன் கப்பல்களும் ஆங்கிலக் கால்வாயை இரவில் கடக்கும் என்று பிரிட்டிஷார் கணக்குப் போட்டிருந்தார்கள். அவை பட்டப்பகலில் வந்தன. இங்கிலாந்தின் மான்ஸ்டன் விமானத்தளத்தில் எஸ்மண்டிடம் இருந்தவை ஆறு ஸ்வார்ட்ஃபிஷ்கள். துணைக்குப் போர் விமானங்களின் ஐந்து அணிகள் வர வேண்டும். நேரத்துக்கு வந்தவை பத்து ஸ்பிட்ஃபயர் போர் விமானங்கள். அதற்குமேல் காத்திருக்காமல் கிளம்பினார். ஆறும் வீழ்ந்தன. 18 பேரில் உயிர்தப்பியவர்கள் ஐவர். ஒரு டார்பிடோவும் இலக்கில் படவில்லை. இறந்தபின் எஸ்மண்டுக்கு பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் வழங்கினார்கள். இறந்தபோது வயது 32. அனுப்பிய தளபதிகளைவிடக் கிளம்பியவருக்கு நிலவரம் நன்றாகத் தெரிந்திருக்கும் என்பது என் எண்ணம்; தன் விமானத்தின் வேகத்தை அவர் அறியாதவர் அல்லர்.

இரு இறக்கைகளுக்கும் நடுவே ஈர்க்குச்சித் தூண்கள். குறுக்குக் கம்பிகளுக்குத் தூண்டில் நரம்பு தடித்துத் தெரிந்தது. திருபுவனத்துப் பட்டு இழை சரியாக உட்கார்ந்தது. இழுத்துக் கட்டும்போது கீழ் இறக்கை கொஞ்சம் முறுக்கிக்கொள்கிறது. எதிர்மூலையை முதலில் கட்டினால் அடங்குகிறது.

தண்ணீரில் கரைத்த வண்ணம் பட்டால் நெட்டி ஊதிவிடுவதால், உடம்பிலும் தாள் ஒட்டித்தான் பூச வேண்டும். அதுவும் மார்கழிப் பனி போன பிறகுதான். ஈரக்காற்றில் தாள் தொய்கிறது. அதுவரை பின்னிருக்கைத் துப்பாக்கி. அதற்கு ஒரு தையல் ஊசி எடுத்து வைத்திருக்கிறேன்.