தண்ணீர் வருவதற்குள்

மே 26, 2025, திங்கள்

பரணிலிருந்து சிலம்பக் கம்பை இறக்கிக் கொடு என்று காலையிலிருந்து அப்பா ஒரே பாட்டு. வாக்கரைத் தொட மாட்டாராம். "நாலு காலு வச்சு நடக்க நான் என்ன ஆடா மாடா" என்கிறார். பிசியோ தம்பி வந்தார், பொறுமைசாலி. முதலில் வாக்கர், அடுத்தது ஆபரேஷன் செய்த கால், கடைசியில் நல்ல கால், பாதி எடைதான் வைக்க வேண்டும் என்று தரையில் விரலால் தட்டித் தட்டிச் சொல்லிக் கொடுத்தார். அப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தம்பி, எனக்கே காலடி சொல்லித் தர்றீங்களா?" என்று கேட்டார். அந்தத் தம்பிக்குப் புரியவில்லை. நான் அடுப்பைப் பார்க்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

மே 27

இன்சூரன்ஸ்காரர்களிடமிருந்து இன்றும் பதில் இல்லை.

மே 28, புதன்

மருந்து வாங்கத் தஞ்சாவூர் போய் வந்தேன். திருவையாறு பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என்று வரிசையாகப் பாலங்கள் வரும், அதற்கும் அப்பால்தான் காவிரி. எல்லாம் காய்ந்து கிடக்கிறது. வெளியூர்க்காரர்கள் பார்த்தால் ஐயோ பாவம் என்பார்கள், ஆனால் எங்கள் சிறுவயதில் வருஷத்தின் நல்ல பாகமே இதுதான். ஜனவரி 28ஆம் தேதி மேட்டூரை மூடுவார்கள், மாசி பிறந்தால் ஆறு முழுக்க மணல், ஜூன் 12 திறக்கிற வரைக்கும் அது பிள்ளைகளுக்குச் சொந்தம். பையன்களுக்கு, என்று சொல்ல வேண்டும். சடுகுடு, கிட்டிப்புள், பச்சைக்குதிரை எல்லாம் ஆற்றுக்குள்தான். நாங்கள் படித்துறையில் பாண்டி ஆடிக்கொண்டு, ஊற்று தோண்டிக் குடத்தில் நீர் எடுத்துக்கொண்டு, அவர்களை வேடிக்கை பார்ப்போம். நிலா இருக்கிற ராத்திரிகளில் சிலம்பம். கம்பு காற்றைக் கிழிக்கிற சத்தம் எங்கள் வீட்டுத் திண்ணை வரைக்கும் கேட்கும். மணலில் கால் புதையும், புதைகிற காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைத்துப் பழகினவன் கெட்டித் தரையில் நின்றால் அவனைத் தொட முடியாது, அதனால்தான் வாத்தியார் ஆற்றை விட்டு மேலே வர மாட்டார் என்று அப்பா சொல்வார்.

இன்று பாலத்தில் பஸ் மெதுவாகப் போனது, நன்றாகப் பார்த்தேன். மணல் இல்லை. அடியில் களி, வெடித்துக் கிடக்கிறது, நடுவில் ஆள் உயர நாணல், கரை ஓரம் சீமைக்கருவை, மிச்ச இடத்தில் உடைந்த பாட்டில். மணலை லாரி லாரியாக அள்ளிக் கொடுத்துவிட்டு, இந்தக் காலத்துப் பிள்ளைகள் போனை நோண்டுகிறார்கள் என்று டீக்கடையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். வேறு என்னத்தை நோண்டும், சொல்லுங்கள்.

மே 30, வெள்ளி

அண்ணன் போன் செய்தான். பணம் அனுப்புகிறேன், வர முடியாது, லீவு இல்லை. சரி. அப்புறம் "அப்பா இன்னும் கம்பு கம்புன்னுதான் இருக்காரா" என்று சிரித்தான். எனக்குச் சுருக்கென்று இருந்தது.

அப்பா காலத்தில் எம்.ஜி.ஆர். திரையில் கம்பெடுத்தால் மறுநாள் ஊரே கம்பெடுக்கும். அண்ணன் தலையெடுத்த சமயம் எங்கு பார்த்தாலும் புரூஸ் லீ. அவர் 1973-லேயே செத்துப்போனார், அண்ணன் பிறந்ததே அதற்கு அடுத்த வருஷம், ஆனாலும் எண்பதுகளின் கடைசி வரைக்கும் சலூன் சுவரில் அவர்தான் சட்டையில்லாமல் நின்றார். அவர் குங்ஃபூ ஆள், கராத்தே ஆளே இல்லை என்பதெல்லாம் எங்கள் ஊரில் யாருக்கு வேண்டும், கையால் ஓடு உடைத்தால் கராத்தே. அண்ணன் வேப்பங்கட்டை இரண்டை அறுத்து நாய்ச் சங்கிலியால் கோத்து நுன்சாக்கு செய்து, முதல் நாளே தன் தாடையில் அடித்துக்கொண்டான். வெள்ளை உடுப்பு தைத்து தஞ்சாவூர் போய்க் கற்றான், வீட்டில் இச், நி, சான் என்று எண்ணிக்கொண்டே குத்துவான். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கம்பு பரணுக்குப் போனது அந்த வருஷம்தான்.

செல்போன் வந்துதான் எல்லாம் போச்சு என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். போன் வருவதற்கு எத்தனையோ வருஷம் முன்பே அது பரணில் ஏறிவிட்டது.

ஜூன் 1, ஞாயிறு

பால் கொண்டுவரும் பெண் எட்டாவது போகப் போகிறாள். இன்று தூக்கோடு ஒரு கம்பும் வைத்திருந்தாள், பளபளவென்று வர்ணத் தாள் சுற்றி. கட்டிலில் இருந்தபடியே அப்பா, "ஏ புள்ள, அது என்ன கையில?"

"சிலம்பம் தாத்தா. கிளாசுக்குப் போறேன்."

"சுத்து பாப்போம்."

வாசலில் சுற்றினாள். முன்னால், பின்னால், தலைக்கு மேல், கழுத்தைச் சுற்றி. எனக்குத் தலை சுற்றியது, அவ்வளவு வேகம். அப்பா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "நல்லாத்தான் சுத்துற. எதிர்ல யாரு?" என்றார். அவள் முழித்தாள்.

ஜூன் 2

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. தெரு காலி.

ஜூன் 4, புதன்

இறக்கிவிட்டேன். ஏணி பிடிக்க ஆள் இல்லை, பால்காரப் பெண்ணின் அம்மா வந்து பிடித்தாள். பழைய பாய்க்குள் சுருட்டி, தேங்காய் நார்க் கயிற்றால் கட்டி வைத்திருந்தது. பாயை எலி தின்றிருக்கிறது, கம்பைத் தொடவில்லை. கல்மூங்கில், உள்ளே கூடு கிடையாது, அதனால் கனம். கணுக்களைச் சீவிச் சீவி மட்டமாக்கியிருக்கிறார்கள், விரலை ஓட்டினால்தான் கணு இருந்தது தெரிகிறது. இரண்டு முனையிலும் பித்தளைப் பூண், ஒன்று கறுத்துவிட்டது. பிடிக்கிற இடம் மட்டும் நிறமே வேறு, அரக்கு மாதிரி. எப்படிச் செய்தது என்று அப்பா ஒரு மணி நேரம் சொன்னார்: வெட்டி வந்து ஆற்றுத் தண்ணீரில் ஊறப்போடுவது, வளைவை அனலில் காட்டி நிமிர்த்துவது, எண்ணெய் தடவித் தடவி நிழலில் வைப்பது. நிறுத்தினால் நெற்றி மட்டம் வர வேண்டும். இப்போது அப்பாவுக்கு அது தலைக்கு மேலே போகிறது. ஆள் அவ்வளவு குறுகியிருக்கிறார். அவரும் கவனித்திருப்பார், சொல்லவில்லை.

வாத்தியார் கொடுத்த கம்பு. அவர் எந்தத் தெரு என்று பாட்டி இருந்தவரை இந்த வீட்டில் வாய் திறந்ததில்லை. இன்று ஏணி பிடித்தவளிடம்தான் சொன்னார். "உங்க தெருதான். கடைசி வீடு." அவள், "எங்க மாமியாருக்குச் சித்தப்பா முறை" என்றாள், சாதாரணமாக. டீ குடித்துவிட்டுப் போனாள்.

ஜூன் 5

தையல் பிரித்தாச்சு. பஸ்ஸெல்லாம் முடியாது, கார் வைத்துப் போய் வந்தோம். ஒன்பது மணி டோக்கனுக்குப் பன்னிரண்டரைக்குக் கூப்பிட்டார்கள்.

ஜூன் 7, சனி

என் பையன் வீடியோ காலில் வந்தான். ஹெட்போன் மாட்டியிருந்தான், பேசும்போதே கண் வேறு திரையில். ஃப்ரீ ஃபயர், சுடுகிற கேம். 2022 பிப்ரவரியில் அதைத் தடை செய்தபோது வீட்டில் நிம்மதியாக இருந்தது, இப்போது மேக்ஸ் என்று அதே சனியன்.

"என்னடா பண்ற?"

"ஃபைட் போயிட்டிருக்கு தாத்தா."

"எதிர்ல யாரு?"

"தெரியாது தாத்தா. யாரோ."

"மொகம் தெரியாதவன எப்படிடா அடிக்கிற?"

"காலடிச் சத்தம் கேக்கும் தாத்தா. எந்தப் பக்கம், எவ்ளோ தூரம்னு. அத வச்சு திரும்பணும்."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். அப்புறம் அரை மணி நேரம் இரண்டு பேரும் பேசினார்கள், எனக்குப் பாதி புரியவில்லை. நான் அதைப் பிடுங்கி வைக்க என்ன பாடு பட்டிருக்கிறேன், இவர் என்னடாவென்றால் கதை கேட்கிறார்.

ஜூன் 9, திங்கள்

வைகாசி விசாகம். சாமி எங்கள் தெருவுக்கு வந்தபோது முன்னால் பிள்ளைகள் சிலம்பம் ஆடினார்கள், பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள். ஒரே மாதிரி பனியன், விளக்கு எரிகிற கம்பு, ஸ்பீக்கரில் பாட்டு. பால்காரப் பெண் இரட்டைக் கம்பு சுற்றினாள். அப்பாவை வாக்கரோடு திண்ணையில் உட்கார வைத்திருந்தேன் (ஆமாம், வாக்கர். கம்பு கைக்கு வந்த மறுநாளே சம்மதித்துவிட்டார்).

கைதட்டினார். எனக்குத்தான் தொண்டையை அடைத்தது. இதே திண்ணையில், ஆறாவது படிக்கும்போது, நானும் பழகுகிறேன் என்று கேட்டேன். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு" என்று ஒரே வார்த்தை. அண்ணனுக்கு வேண்டாம் என்றபோதும் கெஞ்சிப் பார்த்தார், எனக்கு வேண்டும் என்றபோது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நடுவில் ஒரு தலைமுறை அறுந்துபோனது என்கிறார்களே, நான் இருந்தேனே, கையை நீட்டிக்கொண்டு.

இன்று கேட்டிருக்கலாம். மாத்திரை கொடுத்துத் தூங்க வைத்தேன்.

ஜூன் 12, வியாழன்

மேட்டூர் திறந்தாச்சு, நாள் தவறாமல். போன வருஷம் ஜூலை 28 வரைக்கும் காக்க வைத்தது. அணையில் 110 அடிக்கு மேல் இருக்கிறதாம். அப்பா விரல் விட்டு எண்ணுகிறார், கல்லணைக்கு மூன்று நாள், அப்புறம் இங்கே. பிசியோ தம்பியிடம் "தண்ணி வர்றதுக்குள்ள நான் ஆத்தங்கரைக்கு நடக்கணும்" என்று சொல்லியிருக்கிறார். அவரும் சரி என்று தலையாட்டியிருக்கிறார், என்ன தைரியத்தில் என்று தெரியவில்லை.

ஜூன் 13, வெள்ளி

தினமும் சாயங்காலம் பால்காரப் பெண் வந்துவிடுகிறாள். அவளுடைய மாஸ்டர் நல்லவர்தான், பைக்கில் நாலு ஊருக்குப் போய்ச் சொல்லிக் கொடுக்கிறார், சுருள்வாள், மான்கொம்பு எல்லாம் தெரியுமாம். 2024 ஜனவரியில் கேலோ இந்தியா போட்டி தமிழ்நாட்டில் நடந்தபோது சிலம்பத்தையும் செய்முறை விளையாட்டாகச் சேர்த்தார்கள், அதிலிருந்து கூட்டம் அதிகமாம். அரசு வேலையில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டிலும் சிலம்பம் உண்டு என்று இவள் அம்மா கணக்கு வைத்திருக்கிறாள். தப்பே இல்லை. அப்பாவுக்குக் கம்பு என்ன கொடுத்தது, ஒரு பூண் போட்ட கம்பைத் தவிர.

ஆனால் மணிக்கணக்கில் சுற்றிச் சாதனைப் புத்தகத்தில் பேர் போடுவது, பானை மேல் நின்று சுற்றுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு சுற்றுவது, இதெல்லாம் எனக்கும் பிடிக்கவில்லை. அப்பா தொடுமுறைதான் சிலம்பம் என்கிறார். முனையில் சாம்பலைத் தொட்டு வைத்து, எதிராளி உடம்பில் எங்கே பட்டது என்று பார்ப்பார்களாம், நெற்றியில் பொட்டு வைத்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. "கம்பப் பாக்காத. அவன் தோளப் பாரு, கம்பு எங்க வரும்னு தோளு மொதல்ல சொல்லிடும்." எதிரே ஆள் வேண்டும் என்று என்னை நிறுத்தினார். துடைப்பக்கட்டையோடு நின்றேன். அவள் என் முழங்கையில் தொட்டாள், அப்புறம் இடுப்பில். "பின்கால ஊணு பாப்பா, பின்கால!" என்று கட்டிலிலிருந்து கத்தல். எனக்கா அவளுக்கா என்று திரும்பிப் பார்த்தேன். எனக்குத்தான்.

ஜூன் 14

உடம்பெல்லாம் வலி. இன்றும் நின்றேன்.

ஜூன் 15, ஞாயிறு

கல்லணை திறப்பு. டிவியில் பூ தூவினார்கள். அப்பா வாசல் வரை போய் வந்தார், கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது.

ஜூன் 18, புதன்

குடமுருட்டியில் வந்துவிட்டது. முதல் தண்ணீர் அழகாக ஒன்றும் இருக்காது, நுரையும் சருகும் செருப்பும் பிளாஸ்டிக்குமாகத் தள்ளிக்கொண்டு, ஆள் நடக்கிற வேகத்தில் வரும். பையன்கள் கரையோடு கூடவே ஓடினார்கள், பாதி பேர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. அப்பா பார்க்கவில்லை, எழுந்திருக்கவே முடியவில்லை என்கிறார். தையல் போட்ட இடத்தைச் சுற்றிச் சிவப்பு. பிசியோ தம்பி பார்த்துவிட்டு, இன்று நடை வேண்டாம், டாக்டரிடம் காட்டுங்கள் என்றார்.

ஜூன் 19

விடியற்காலை காய்ச்சல் 101, இப்போது 103. கார் சொல்லியாச்சு. இன்சூரன்ஸ் அட்டை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. அண்ணன் போனை எடுக்கவில்லை. பால்காரப் பெண்ணின் அம்மா கூட வருகிறேன் என்று