பழைய ஐ3 கம்ப்யூட்டருக்கு வேகம் ஏற்றிய அனுபவம்

வீட்டு கம்ப்யூட்டர் ஸ்லோவாகிவிட்டது என்று நாலு பேரிடம் சொல்லிப் பாருங்கள், நாலு பேரும் ஒரே வைத்தியத்தைத்தான் சொல்வார்கள். டெம்ப் ஃபைல்களை, அதாவது தற்காலிகமாகச் சேரும் ஃபைல்களை அழி, ஏதாவது கிளீனர் சாஃப்ட்வேர் போடு, டெஸ்க்டாப்பில் கிடக்கிற ஐகான்களைக் குறை. கிளீனரைத் தவிர மற்றதெல்லாம் செய்து பார்த்தேன். கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனால் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் மாறவும் இல்லை. ஒரு கடையில் கேட்டதற்கு, பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல், "பழைய பீஸ் சார், இதுக்குச் செலவு பண்றது வேஸ்ட், புதுசே எடுத்துருங்க" என்றார். அவர் வியாபாரம் அவருக்கு.

எங்கள் வீட்டில் இருப்பது 2014 வாக்கில் மதுரையில் அசெம்பிள் செய்தது. நான்காம் தலைமுறை இன்டெல் ஐ3, எச்81 மதர்போர்டு, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். வாங்கும்போது விண்டோஸ் 8.1, அப்புறம் இலவசமாகக் கிடைத்த விண்டோஸ் 10. மகளுக்குப் பள்ளி ப்ராஜெக்ட், அப்பாவுக்கு ஓய்வூதியர் சங்கக் கடிதங்கள், எனக்கு பில் கட்டுவது, டிக்கெட் போடுவது, கொஞ்சம் எக்செல். இதற்கு லட்ச ரூபாய் மெஷின் வேண்டியதில்லை. இருக்கிற மெஷினில் எது இழுத்துப் பிடிக்கிறது என்று தெரிந்தால் போதும் என்று முதலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் நேராக அதுதான் வரும். ஆன் செய்த கையோடு அதைத் திறந்து வைத்து வேடிக்கை பார்த்தேன். சிபியு 15, 20 சதவீதத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறது, மெமரி 80 சதவீதத்துக்கு மேல், டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் சிவந்து நிற்கிறது. பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிஸ்க்கைக் கிளிக் செய்தால், அது படிக்கும் வேகம் நொடிக்கு ஓரிரு எம்பிதான். 100 சதவீதம் வேலை செய்கிறேன் என்கிறது, ஆனால் கொண்டுவந்து கொடுப்பது அவ்வளவுதான்.

காரணம் எளிது. ஹார்ட் டிஸ்க் என்பது நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டு. அதன்மேல் ஒரு முனை அங்கும் இங்கும் நகர்ந்து படிக்க வேண்டும். ஒவ்வொரு நகர்வுக்கும் பத்து மில்லிநொடி சுமாருக்குப் போய்விடும், ஆக நொடிக்கு நூறு சொச்சம் இடங்களைத்தான் அதால் தொட முடியும். ஒரு பெரிய சினிமா ஃபைலைக் காப்பி செய்தால் வேகமாகவே போகும், ஏனென்றால் அது பெரும்பாலும் வரிசையாக இருக்கிறது. விண்டோஸ் ஏறும்போதோ ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டி ஃபைல்களை ஒரே நேரத்தில் கேட்கும், கூடவே ஆன்டிவைரஸ் ஸ்கேன், அப்டேட், சர்ச் இண்டெக்ஸ் எல்லாம் அதே முனையைப் பிடித்து இழுக்கும். டெம்ப் ஃபோல்டரில் 2 ஜிபி குப்பையை அழிப்பதால் அந்த முனை வேகமாக நகரப் போவதில்லை.

அதே பக்கத்தில் சிபியுவைக் கிளிக் செய்தால் கீழே அப் டைம் என்று ஒன்று இருக்கும், விண்டோஸ் கடைசியாகப் புதிதாகத் தொடங்கி எவ்வளவு நேரம் ஆயிற்று என்ற கணக்கு. தினமும் ராத்திரி ஷட் டவுன் செய்கிற மெஷினில் அது பல நாட்களைக் காட்டியது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆனில் இருந்தால் ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸின் உள்பகுதி முழுதாக அணைவதில்லை, டிஸ்கில் பத்திரப்படுத்தி வைத்து மறுபடி எடுத்துக்கொள்கிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். காசு செலவில்லாமல் எங்கள் வீட்டில் கண்ணுக்குத் தெரிந்து உதவியது இரண்டுதான். ஒன்று வாரம் ஒருமுறை ரீஸ்டார்ட். இன்னொன்று ஸ்டார்ட்அப் பக்கத்தில் போய் வேண்டாததை டிஸேபிள் செய்தது. மகள் எப்போதோ போட்ட கேம் லாஞ்சர், மீட்டிங் ஆப், பிரிண்டரோடு வந்த ஏதோ அப்டேட்டர், இதெல்லாம் ஆன் செய்யும்போதே ஓட வேண்டிய அவசியம் என்ன? தமிழ் தட்டச்சுக்கான மென்பொருளை மட்டும் விட்டுவிட்டேன், அதை நிறுத்தினால் அப்பா அடுத்த நிமிடமே கூப்பிடுவார்.

விஷுவல் எஃபெக்ட்ஸையும் குறைக்கச் சொல்வார்கள். குறைக்கலாம், ஆனால் எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்துவிடாதீர்கள். எழுத்துகளின் ஓரத்தை மென்மையாக்கும் டிக்கை எடுத்துவிட்டால் தமிழ் எழுத்துகள் எல்லாம் பல்லுப் பல்லாகத் தெரியும், சுழியும் புள்ளியும் ஒட்டிக்கொள்ளும், படிக்கவே முடியாது.

அடுத்து கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு டிஸ்கின் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்த்தேன். நீலத்தில் குட் என்று வந்தால் நிம்மதி. எங்களுக்கு மஞ்சளில் காஷன் என்று வந்தது, பென்டிங் செக்டர் வரிசையில் எண் ஏறியிருந்தது. அதாவது டிஸ்கில் சில இடங்களைப் படிக்க முடியாமல் அது தடுமாறிக்கொண்டிருக்கிறது. அதற்குமேல் யோசிக்க ஒன்றும் இல்லை, எஸ்எஸ்டி வாங்குவது என்று முடிவாயிற்று. அதில் சுழலும் தட்டும் நகரும் முனையும் இல்லை, எல்லாம் சிப்பில்தான். 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (பழைய ஹார்ட் டிஸ்க் மாட்டும் அதே வகை கேபிளில் மாட்டுவது), தெரிந்த பிராண்ட், பில்லும் வாரண்டியும் உள்ளது. புது கம்ப்யூட்டர் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்கு 2 டிபி என்று வருவதையெல்லாம் தொடாதீர்கள், உள்ளே அவ்வளவு இடம் இருக்காது, நிரம்பிய பிறகு போடுகிற ஃபைல் எல்லாம் காற்றில் போகும்.

பழைய டிஸ்கை அப்படியே குளோன் செய்யலாம். எனக்கு அந்த டிஸ்க் மேல் நம்பிக்கை இல்லாததால் விண்டோஸைப் புதிதாகப் போடுவதுதான் சரி என்று பட்டது. அதற்கு முன் போட்டோக்கள், டாக்குமெண்டுகள் எல்லாவற்றையும் வெளி டிஸ்க் ஒன்றில் எடுத்து வைத்தேன், இரண்டு மூன்று ஃபைல்களைத் திறந்தும் பார்த்துக்கொண்டேன். இங்கே தமிழ் வீடுகளில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. அப்பாவின் சங்கக் கடிதங்கள் பாதி வானவில் அவ்வையாரில், பாதி பாமினியில் அடித்தவை. இரண்டும் யூனிகோடு இல்லை, அதாவது எல்லா மெஷினும் புரிந்துகொள்ளும் பொதுவான எழுத்துக் குறியீட்டில் இல்லை. அந்த ஃபான்ட் இல்லாத மெஷினில் திறந்தால் மாவட்டத் தலைவருக்கு எழுதிய கடிதம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குவியலாக நிற்கும். ஆகவே விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் போய் அந்த ஃபான்ட்களை முதலில் காப்பி செய்தேன். போட்டோ போனால்கூட வாட்ஸ்அப்பில் யாரிடமாவது இருக்கும், இந்த ஃபான்ட் போனால் எந்தப் பதிப்பு என்று தேடி அலைய வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் தளத்தில் கிடைக்கும் மீடியா கிரியேஷன் டூலை வைத்து 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸ் ஏற்றிக்கொண்டேன். எச்81 போர்டில் நான்கு சாட்டா போர்ட்டுகள், அதில் இரண்டுதான் 6 ஜிபிபிஎஸ் வேகம், மற்ற இரண்டும் அதில் பாதி. எங்கள் போர்டில் நிறம் வேறாக இருந்தது, பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதியும் இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்து வேகமானதில் எஸ்எஸ்டியைச் செருகினேன். பழைய டிஸ்கின் கேபிளைக் கழற்றிவிட்டுத்தான் இன்ஸ்டால் செய்ய வேண்டும், இல்லையென்றால் பூட் செய்வதற்கான ஃபைல்களை விண்டோஸ் பழைய டிஸ்கிலேயே போட்டுவிட வாய்ப்பு உண்டு, பின்னால் அந்த டிஸ்க் செத்தால் இதுவும் எழாது. லைசென்ஸ் கீ கேட்ட இடத்தில் என்னிடம் கீ இல்லை என்பதைத் தேர்ந்தெடுத்தேன், நெட் கனெக்ட் ஆனதும் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிட்டது. அந்த டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டோடு சேர்ந்தது, டிஸ்கை மாற்றினால் போகாது.

வித்தியாசம் உடனே தெரிந்தது. லாகின் திரை வந்து, பாஸ்வேர்டு அடித்து, பிரவுசர் திறந்து டைப் செய்ய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அப்பா மட்டும் பழக்கதோஷத்தில் இன்னும் ஆன் செய்துவிட்டுப் பேப்பர் படிக்கப் போகிறார்.

அப்புறம் ரேம். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்திலேயே எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று காட்டும், எங்களுக்கு இரண்டில் ஒன்று காலி. இந்தப் போர்டுக்கு டிடிஆர்3 வகை ரேம்தான் வேண்டும், டிடிஆர்4 வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் நுழையவே நுழையாது. புதிது சுலபத்தில் கிடைக்காததால் பழையது ஒன்று, 4 ஜிபி, 1600 வேகம், வாங்கிப் போட்டேன். பழையது வாங்கினால் விண்டோஸோடு வரும் மெமரி டயக்னாஸ்டிக்கை ஒருமுறை ஓட்டிவிடுங்கள். பிரவுசரில் பத்துப் பதினைந்து டேப் திறந்து வைக்கும் வீடாக இருந்தால்தான் இதன் பலன் தெரியும். கையில் காசு கம்மி என்றால் முதலில் எஸ்எஸ்டி, ரேம் அப்புறம்.

பெட்டியைத் திறந்தது திறந்தாயிற்று என்று தூசியையும் பார்த்தேன். சிபியு மேல் இருக்கும் ஃபேனைக் கழற்றினால் கீழே அலுமினியப் பட்டைகளுக்கு நடுவில் தூசி கம்பளி மாதிரி அடர்த்தியாகப் படிந்திருந்தது, காற்று போக வழியே இல்லை. சித்திரை வெயிலில் மத்தியானம் மட்டும் மெஷின் இரைந்துகொண்டு தடுமாறியதற்கு இதுதான் காரணம், சூடு எல்லை தாண்டினால் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், அதை வெறித்தனமாகச் சுழல விட்டால் பேரிங் போய்விடும். சிப்பின் சூட்டை அந்தப் பட்டைகளுக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோயிருந்தது, பழையதைத் துடைத்துவிட்டு நடுவில் பயறு அளவு புதிது வைத்தேன். இன்டெல் ஃபேனின் நான்கு பிளாஸ்டிக் பின்களையும் எதிரெதிர் மூலையாக அழுத்த வேண்டும், டக் என்று சத்தம் வராவிட்டால் உட்காரவில்லை என்று அர்த்தம். மூன்றாவது பின் எங்களைப் படுத்திய பாட்டைத் தனியாகவே எழுதலாம்.

ரெஜிஸ்ட்ரி கிளீனர், ரேம் பூஸ்டர் வகையறா எதையும் நான் போடவில்லை, நீங்களும் போட வேண்டாம். எஸ்எஸ்டி போட்ட பிறகு, சிதறிக் கிடக்கும் ஃபைல்களை ஒன்றுசேர்க்கும் டிஃப்ராக் மென்பொருளும் தேவையில்லை, எஸ்எஸ்டிக்கு வேண்டிய டிரிம் வேலையை (அழித்த ஃபைல்களின் இடம் காலி என்று அதற்குத் தெரிவிப்பதை) விண்டோஸே செய்துகொள்கிறது. பழைய ஹார்ட் டிஸ்கைத் தூக்கிப் போடவில்லை, பாட்டும் படமும் அதில் இருக்கின்றன, போனால் போகட்டும் என்கிற சரக்குகள் மட்டும்.

மிச்சம் இருக்கும் ஒரே தலைவலி விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11-க்கு எட்டாம் தலைமுறை ஐ3-யாவது வேண்டும். பாதுகாப்பு அப்டேட்டுகளை மட்டும் 2026 அக்டோபர் வரை நீட்டிக்கும் திட்டத்தில் பதிவு செய்து வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் என்றுதான் எண்ணம். பென்டிரைவிலிருந்தே லைவாக ஏற்றிப் பார்த்தேன், இந்த மெஷினில் நன்றாகவே ஓடுகிறது, பிரிண்டரும் எடுத்துக்கொண்டது. அப்பாவின் கடிதம் ஒன்றை லிப்ரே ஆபீஸில் திறந்தபோது முதலில் குவியலாக வந்தது, வானவில் ஃபான்டை இன்ஸ்டால் செய்ததும் சரியாகிவிட்டது.