பாதி கேட்ட பேச்சு

"கதைக்குக் கரு எங்கிருந்து கிடைக்கிறது?" என்று யாராவது கேட்டால் முன்பெல்லாம் ஆழமாக எதையாவது சொல்லிச் சமாளிப்பேன். உண்மையில் பெரும்பாலும் ஒட்டுக்கேட்டதுதான். அதுவும் பாதி.

ஒருமுறை லிஃப்டில் ஒரு பெண் போனில் பேசிக்கொண்டு வந்தார். "அவனுக்குத் தெரியாது. சாவி இன்னும் என்கிட்டதான் இருக்கு." மூன்றாவது மாடியில் கதவு திறந்தது, இறங்கிப் போய்விட்டார். நான் ஆறாவது மாடிக்குப் போக வேண்டியவன். நான்காவதிலேயே இறங்கி, படிக்கட்டில் உட்கார்ந்து அந்த வரியைக் குறித்துக்கொண்டேன். என்ன சாவி, யார் அந்த அவன், ஒன்றும் தெரியாது. தெரியாததுதான் எனக்கு வசதி.

நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. நண்பர் ஒருவர் தன் வீட்டுச் சொத்துத் தகராறை இரண்டு மணி நேரம் சொன்னார். "அப்படியே எழுதிடு, ஒரு வார்த்தை மாத்த வேண்டாம்" என்றார். நாலு பக்கம் எழுதினேன். யார் எங்கே நின்றார், என்ன சொல்லிக் கத்தினார், எல்லாம் சரியாக இருந்தது. படித்தால் போலீஸ் வாக்குமூலம். அண்ணன்தான் கெட்டவன் என்று அவரே தீர்ப்பு எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த அண்ணன் பக்கம் போய் ஒரு நிமிடம் நின்று பார்க்க எனக்கு இடமே இல்லை. ஐந்தாம் பக்கம் வரவேயில்லை.

அமெரிக்காவில் பிறந்த நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸுக்கும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. 1893 கிறிஸ்துமஸ் சமயத்தில், ஒரு விருந்தில் பக்கத்தில் இருந்த பெண்மணி, வீட்டுச் சாமான்களுக்காக ஒரு தாயும் அவளுடைய ஒரே மகனும் சண்டையிட்டுக்கொள்வதைப் பேச்சுவாக்கில் சொன்னார். முதல் சில சொற்களிலேயே ஜேம்ஸுக்குக் கதை கிடைத்துவிட்டது. அந்த அம்மையார் மேலே விவரங்களை அடுக்க அடுக்க அவருக்கு எரிச்சல்தான் வந்ததாம். 1897-இல் புத்தகமாக வந்த 'தி ஸ்பாய்ல்ஸ் ஆஃப் பாய்ன்டன்' நாவலின் வித்து அதுதான். பின்னாளில் எழுதிய முன்னுரையில் அவரே இதைச் சொல்கிறார். அதைப் படித்த பிறகுதான், நண்பரின் கதையைக் கெடுத்தது நான் மட்டுமில்லை என்று கொஞ்சம் ஆறுதல்.

சாவி வரி மூன்று வருடம் நோட்டில் கிடந்தது. இடையில் இரண்டு முறை எடுத்துப் பார்த்தேன். ஒன்று திருட்டுக் கதையானது, இன்னொன்று கள்ளக்காதல். இரண்டையும் கிழித்துப் போட்டேன். அப்புறம் ஒருநாள் வேறு எதையோ தேடிப் புரட்டும்போது, பழைய நோட்டு ஒன்றில் இது கண்ணில் பட்டது: "கணவர் இறந்து ஒரு வருடம். அவர் போனுக்கு இன்னும் ரீசார்ஜ் செய்கிறார்."

சட்டென்று இரண்டும் ஒட்டிக்கொண்டன. 'அவன்' மகனானான். வீட்டை விற்றுவிட்டான், அம்மாவிடம் ஒரு சாவி தங்கிவிட்டது. (செல்போனில் குறிப்பு எழுதிப் பார்த்திருக்கிறேன். தேடினால் தேடியது மட்டும் உடனே கிடைத்துவிடுகிறது. எனக்கு அது சரிப்படவில்லை.)

முதல் வரைவில், அந்த அம்மா ராத்திரி பழைய வீட்டுக்குப் போகிறார், பூட்டை மாற்றியிருக்கிறார்கள். கண்ணீர், முற்றும். எழுதும்போது எனக்கே தொண்டை அடைத்தது. மறுநாள் படித்தபோது வெட்கமாக இருந்தது. முடிவைத் தேடிப்போன எழுத்தாளன் மாற்றிய பூட்டு அது, வீட்டை வாங்கியவர்கள் மாற்றியதல்ல. அடுத்த வரைவில் சாவியைச் சேரவிட்டேன். கதவு திறந்துகொண்டது. உள்ளே விளக்கு எரிகிறது, யாரோ இருமுகிறார்கள். அடுத்து அவர் என்ன செய்வார் என்று எனக்கும் தெரியவில்லை. அங்கிருந்து பதினொரு பக்கம் நிற்காமல் எழுதினேன்.

இப்போதைக்கு நோட்டில் கடைசி வரி போன வாரம் ஒரு காத்திருப்பு அறையில் கேட்டது: "மழை வரும்னு தெரிஞ்சுதான் அவர் சட்டையைக் கொடியில போட்டேன்."

மேலே பேச்சு தொடர்வதற்குள் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.